மணத்தின் வழியே மலரும் நினைவுகள்

ஆலய வாசலை அடைவதற்கு முன்னரே சாம்பிராணிப் புகையும் மல்லிகைச் சரமும் நம்மை வரவேற்கின்றன. கண்ணால் திருவுருவத்தைக் காண்பதற்கு முன்பே, மணத்தால் நாம் சந்நிதியை உணர்ந்துவிடுகிறோம். இந்த உணர்வின் அருமையை அறியாமலே ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். 2021ஆம் ஆண்டில் கோவிட் நோய் கண்ட பிறகே அதன் மதிப்பை அறிந்தேன்.

காய்ச்சல் ஒரு வாரத்தில் தணிந்தது. ஆனால், மணம் அறியும் ஆற்றல் திரும்பவில்லை. ஆலயம் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர் நடைபெற்ற முதல் வெள்ளிக்கிழமைப் பூசையில் கற்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சுடர் தெரிந்தது, மணம் தெரியவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோவிலில், தாயார் மடியில் அமர்ந்து நான் கண்ட ஆடித் திருவிழா, கற்பூரம் மணக்கும் போதெல்லாம் என் நெஞ்சில் விரியும். அன்று அது விரியவில்லை. மறைந்த தாயாரை மீண்டும் ஒருமுறை இழந்தவனைப் போலக் கலங்கி நின்றேன்.

மணத்துக்கும் நினைவுக்கும் இத்தகைய நெருக்கம் எதனால் ஏற்பட்டது? மருத்துவர் விளக்கியதையும், பின்னர் நான் படித்தறிந்ததையும் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மூக்கின் உட்புறத்தே, மேற்பகுதியில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. மணத்தை உணரும் நரம்பணுக்கள் பல இலட்சம் அதில் அமைந்துள்ளன. மனிதருக்குச் சுமார் 400 வகையான மண உணர்விகள் இருக்கின்றன. கற்பூரத்தின் மூலக்கூறுகள் அவற்றுள் சிலவற்றைத் தூண்டும். மல்லிகையின் மூலக்கூறுகள் வேறு சிலவற்றைத் தூண்டும். ஏழு சுரங்களின் சேர்க்கையால் எண்ணற்ற இராகங்கள் பிறப்பதைப் போல, இவ்வுணர்விகளின் சேர்க்கையால் எண்ணற்ற மணங்களை மூளை பிரித்தறிகிறது. இவற்றுக்குரிய மரபணுக்களை 1991இல் கண்டறிந்து வெளியிட்ட அமெரிக்க அறிவியலாளர்கள் ரிச்சர்ட் ஆக்சல், லிண்டா பக் ஆகிய இருவருக்கும் 2004இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

காட்சியும் ஓசையும் 'தலாமஸ்' என்னும் பகுதியைக் கடந்தே மூளையின் புறணியை அடைகின்றன. வாசலில் காத்திருந்து உள்ளே வரும் விருந்தினரைப் போன்றவை அவை. மணமோ உரிமையோடு நுழையும் வீட்டுப் பிள்ளை. நுகர்ச்சிக் குமிழிலிருந்து புறப்பட்டு, உணர்ச்சிகளோடு தொடர்புடைய 'அமிக்டலா'வை அது நேராகச் சென்றடைகிறது. நினைவுகளைப் பதியவைக்கும் 'ஹிப்போகாம்பஸ்' அதற்கு அருகிலேயே உள்ளது. ஆதலால்தான், மணத்தின் பெயர் நாவில் வருமுன்பே கண்கள் கலங்கிவிடுகின்றன.

எனக்கு மருத்துவர் மாத்திரை தரவில்லை, பயிற்சியே தந்தார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர் தாமஸ் ஹும்மலும் அவர்தம் குழுவினரும் 2009இல் வெளியிட்ட முறை அது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையிலும் மாலையிலும் சில விநாடிகள் முகர்ந்து, அந்தந்த மணத்தை மனத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். மணத்தை உணரும் நரம்பணுக்கள் அழிந்தாலும் புதிதாகத் தோன்றும் இயல்புடையவை. எனவே, இப்பயிற்சி அனைவருக்கும் இல்லாவிடினும் பலருக்குப் பயன் தருகிறது. எனக்கு மூன்றாம் மாதத்தில் கிராம்பு மணத்தது. கற்பூரம் மணக்க மேலும் சில மாதங்கள் சென்றன. அன்று தோட்டத்துக் கோவிலும் தாயார் முகமும் ஒருசேர மீண்டு வந்தன.

இதனால் அன்பர்களுக்கு நான் கூற விரும்புபவை இரண்டு. புகை சூழ்ந்திருக்கும் வேளையில், "இன்று சாம்பிராணி போடவில்லையா?" என்று முதியவர் ஒருவர் கேட்டால் நகைக்காதீர்கள், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மணம் அறியாதவர் எரிவாயுக் கசிவையும் கெட்டுப்போன உணவையும் அறியமாட்டார். சிலருக்கு அது பார்க்கின்சன், அல்சைமர் போன்ற நோய்களின் முன்னறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

மற்றொன்று, பிள்ளைகளைத் திருவிழாவுக்கு அழைத்து வாருங்கள். முதியோரிடம் மணம் எழுப்பும் நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்கு முற்பட்டவை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இன்று பிஞ்சு நெஞ்சில் பதியும் மணம், நாம் இல்லாத நாளிலும் நம்மை அவர்களிடம் அழைத்துச் செல்லும்.