ஒட்டுத் துணியும் ஒரு பொம்மை வீடும்



பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம் நம் சொந்த வீட்டுக்குள் நுழைய எத்தனை காலம் எடுக்கிறது! இதை அண்மையில் என் மகளிடமிருந்து கற்றுக்கொண்டேன். சற்று வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

மொனராகலையில் எங்கள் வீட்டில் என் மனைவி அக்கம்பக்கத்தாருக்கு உடுப்புத் தைத்துக் கொடுப்பவர். பெருநாள் நெருங்கினால் தையல் மெஷினுக்குக் கீழே வெட்டுத் துண்டுகள் குவிந்துவிடும். பதினொரு வயது மகள் அவற்றைப் பொறுக்கி, ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் பொம்மை வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டில், மெத்தை, கதிரை, செட்டி எல்லாம் விரலளவில்.

தவணைப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு அவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஊசியும் நூலுமாக இருப்பதைக் கண்டேன். கோபம் தலைக்கேறியது. பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வீட்டின் பின்னால் குப்பை எரிக்கும் கிடங்கில் போட்டேன். அவள் அழவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்தபடியே தூங்கிவிட்டாள். மறுநாள் காலை குப்பையோடு அதுவும் எரிந்து போயிற்று.

வகுப்பில் தடுமாறிய நாக்கு

அடுத்த வாரம் மாணவர்களுக்கு நான் எடுத்த பாடம், ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் பற்றி அபூதாவூதில் வரும் ஹதீஸ். பல வருடங்களாக நான் நடத்தும் பாடம்தான் அது. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்திலிருந்து திரும்பி வந்திருந்தார்கள். காற்று வீசி, மாடத்தின் திரை விலகியது. உள்ளே ஆயிஷாவின் பொம்மைகள். நடுவில் இரண்டு சிறகுகளுள்ள ஒரு குதிரை. நபியவர்கள் அது என்ன, அதன் மேல் இருப்பவை என்ன என்று ஒன்றொன்றாக விசாரித்தார்கள். குதிரைக்குச் சிறகா என்று வியந்து கேட்டபோது, சுலைமான் நபியிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று ஆயிஷா (ரழி) திருப்பிக் கேட்டார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியுமளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிறகுகள் எதனால் ஆனவை என்பதற்கு ஹதீஸில் வரும் சொல் ‘ரிகாஃ’. ஒட்டுப்போடும் துண்டுகள் என்று பொருள். அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். என் வீட்டுக் கிடங்கில் எரிந்ததும் ஒட்டுத் துணிதானே! நபியவர்கள் கேட்ட “இது என்ன?” என்ற கேள்வியைக்கூட நான் என் மகளிடம் கேட்கவில்லையே!

அன்று மாலை வீட்டுக்கு வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை வாப்பா” என்றாள். ஆனால் பல நாட்கள் ஊசியைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் நானே ஒரு பை இலவம் பஞ்சு வாங்கி வந்து, “எப்படிச் செய்வது என்று வாப்பாவுக்கும் காட்டித் தா” என்றேன். அப்படித்தான் இந்தக் கைவேலை எனக்குத் தெரியவந்தது.

ஓர் அடிக்கு ஓர் அங்குலம்

பொம்மை வீட்டுச் சாமான்களுக்கு உலகெங்கும் பெரிதும் பயன்படும் அளவு, ஓர் அடிக்கு ஓர் அங்குலம். அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. ஐந்தடி நீளச் செட்டி ஐந்து அங்குலம் ஆகும். மூன்றடி உயரமான சாய்மனை மூன்று அங்குலம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நாம் இருக்கும் ஆசனம் ஒன்றரை அங்குலம்.

மகள் அளவு நாடாவை எடுத்து எங்கள் விறாந்தைக் கதிரைகளை அளந்தாள். நான் குறித்துக் கொடுத்தேன். கணக்குப் பாடத்தில் பின்னத்துக்குப் பயந்த பிள்ளை, பன்னிரண்டால் பிரித்து மளமளவென்று சொன்னாள். ஆனால் ஆசனத்தின் உயரத்தை மட்டும் ஒன்றேமுக்கால் அங்குலம் என்று வைத்தாள். கணக்குப் பிழை என்றேன். “பிழை இல்லை வாப்பா. இது உம்மும்மாவின் செட்டி. தாழ்வாக இருந்தால் அவவுக்கு எழும்ப ஏலாதே” என்றாள்.

முழங்கால் நோவோடு காலமான என் தாயாரை நினைத்துத்தான் அவள் அதைச் செய்திருக்கிறாள். நான் கிடங்கில் போட்டதும் அதே செட்டிதான். கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பாள்.

செய்யும் முறை

அடிப்பாகத்துக்கு வெற்று நெருப்புப் பெட்டிகளைப் பக்கம் பக்கமாக ஒட்டலாம். சாய்மனைக்கும் இரு கைப்பிடிகளுக்கும் தடித்த மட்டை. ஆசனத்துக்கு இன்னொரு மட்டைத் துண்டைத் தனியாக வெட்டி, அதன் மேல் பஞ்சைச் சமமாகப் பரப்ப வேண்டும். நடுவில் சற்றுக் கூடுதலாக வைத்தால் மெத்தை அழகாக எழும்பி நிற்கும்.

துணியை மட்டையைவிடச் சுற்றிவர அரை அங்குலம் கூட்டி வெட்டுங்கள். மெல்லிய பருத்திச் சீத்தையே நல்லது. தடித்த துணி மூலைகளில் புடைத்துக்கொண்டு நிற்கும். பூவும் சின்னதாக இருக்க வேண்டும். பெரிய பூ என்றால் முழுச் செட்டிக்கும் ஒரே இதழ்தான் வரும்! மூலைகளைக் கடித உறை மடிப்பதுபோல் மடித்து, மட்டையின் பின்பக்கத்தில் ஒட்டவும். பசையைத் துணியில் தடவக் கூடாது; ஊறி வெளியே கறை தெரியும். மட்டையில் மெல்லியதாகத் தடவி, உடுப்புக் கிளிப்பால் கவ்விக் காயவிட வேண்டும்.

சாய்மனையில் குழிகள் வேண்டுமானால், முடிச்சுப் போட்ட நூலை முன்பக்கமிருந்து மட்டையினூடாக இழுத்துப் பின்னால் கட்டினால் போதும். கால்களுக்குப் பழைய மாலை மணிகள் நான்கு. சாய்மனையின் பின்பக்கத் துணியைக் கடைசியாக ஒட்டினால் மடிப்பும் முடிச்சும் எல்லாம் மறைந்துவிடும். பெரிய செட்டிக்குத் துணி போடுகிறவர்களும் வெளிப் பின்பக்கத்தைக் கடைசியாகத்தான் மூடுகிறார்கள்.

பஞ்சு பிரிக்கும்போது வெளியே வைத்து, மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். மட்டை வெட்டும் பிளேட் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

அரண்மனையிலும் ஒரு பொம்மை வீடு

இது சிறுபிள்ளைகளின் வேலை மட்டுமல்ல. ஜேர்மனியில் பவேரியாவின் ஆட்சியாளர் ஒருவர் 1557-58இலேயே பொம்மை வீடு ஒன்றைச் செய்வித்தார். ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற பெண்மணி 1686 முதல் 1710 வரை சேர்த்து அலங்கரித்த பொம்மை வீட்டை ரைக்ஸ் மியூசியத்தில் காணலாம். இங்கிலாந்தின் மேரி ராணிக்காக எட்வின் லட்யன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1924இல் முடித்த வீடு, இன்றும் வின்ட்ஸர் கோட்டையில் உள்ளது. அதிலும் ஓர் அடிக்கு ஓர் அங்குலம்தான் அளவு. குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும்.

அங்கே பட்டும் வெல்வெட்டும். நம் வீட்டில் வெட்டுத் துண்டும் சப்பாத்துப் பெட்டியும். அளவும் பொறுமையும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இது கூடுமா?

சில தாய்மார் இப்படிக் கேட்கிறார்கள். உருவம் வரைவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்தபோது, மரத்தையும் உயிரில்லாத பொருட்களையும் செய்துகொள்ளுமாறு அவர்கள் வழிகாட்டியது புகாரியில் வருகிறது. கதிரையும் கட்டிலும் உயிரில்லாதவை. அவற்றில் கேள்வியே இல்லை. பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளைப் பொறுத்தவரை, ஆயிஷா (ரழி) அவர்களின் ஹதீஸை வைத்துப் பெரும்பாலான இமாம்கள் அனுமதித்திருக்கிறார்கள். ஆஷூரா நோன்பு நாளில் பசித்து அழும் பிள்ளைகளுக்கு ஸஹாபிப் பெண்கள் கம்பளியால் விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம்வரை அவர்களின் கவனத்தைத் திருப்பினார்கள் என்று ருபய்யிஃ (ரழி) அறிவிக்கிறார்கள். பிள்ளைக்காக ஊசி பிடித்த தாய்மார் அன்றே இருந்தார்கள்.

பரீட்சை முக்கியம்தான். “இப்போது படி, நாளை மாலை இருவரும் சேர்ந்து செய்வோம்” என்று சொல்லியிருந்தால் அன்று இரவே காரியம் முடிந்திருக்கும். பெட்டியும் எரிந்திருக்காது.

இப்போது எங்கள் விறாந்தை அலுமாரியில் புதிய செட்டி ஒன்று இருக்கிறது. ஒரு கைப்பிடி சற்றுக் கோணல். அது நான் ஒட்டியது. மற்றவை எல்லாம் அவளுடைய வேலை. தாய்மார்களே, உங்கள் பிள்ளையின் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? கோபப்படுவதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.