ஓஸ் பைப் ஏற மறுக்கிறதா? ஒரு டம்ளர் சுடுதண்ணீர் போதும்!

மும்பையில் தண்ணீர் கடிகாரம் பார்த்து வரும். விகார், துளசி, தான்சா, பாட்சா உள்ளிட்ட ஏழு ஏரிகளின் தண்ணீர், பெரும்பாலான பகுதிகளுக்கு நாளில் சில மணி நேரமே திறந்து விடப்படுகிறது. அந்த நேரம் பார்த்து ஓஸ் பைப் குழாயை விட்டுக் கழன்று கொண்டால்? திரும்ப மாட்டுவதற்குள் பாதித் தண்ணீர் சாக்கடைக்குப் போய்விடும். டிரம் நிறையாமலே வேலைக்கு ஓட வேண்டியதுதான்.

விறைப்பது ஏன்?

பி.வி.சி. பிளாஸ்டிக் இயல்பில் கெட்டியானது. பைப் வளைய வேண்டும் என்பதற்காக எண்ணெய் போன்ற ஒரு பொருளை அதில் கலக்கிறார்கள். வெயில் பட்டும், நாள்பட்டும் அது வெளியேறி விடுகிறது. அதனால்தான் வாங்கிய புதிதில் சுலபமாக ஏறிய பைப், பிறகு முரண்டு பிடிக்கிறது.

சிலர் முனையை ஸ்டவ் நெருப்பில் காட்டுவார்கள். கூடவே கூடாது. முனை கருகி வெடிப்பு விடும். கிளம்பும் புகையும் கெடுதலானது. தேங்காய் எண்ணெய் தடவினால் பைப் ஏறத்தான் செய்யும். ஆனால் வழுக்கல் போகாது. தண்ணீர் வேகத்தில் மறுபடி கழன்று விடும். ரப்பர் பைப்பாக இருந்தால் எண்ணெய் பட்டு ஊதிக் கெட்டுப் போகும்.

எளிய வழி

முனை கிழிந்திருந்தால் ஓர் அங்குலம் நேராக வெட்டி எறியுங்கள். முதலில் கிளிப்பைப் பைப்பில் கோத்துக் கொள்ளுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம். மறந்தால் வேலை இரண்டாகும்.

கொதித்து இறக்கிய தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி, பைப் முனையை ஓர் அங்குலம் ஆழத்துக்கு அரை நிமிடம் பிடியுங்கள். அதற்குள் குழாய் மூக்கில் ஈர சோப்பைத் தேய்த்து விடுங்கள். பைப்பைத் துணியால் பிடித்து, இடமும் வலமும் திருகிக்கொண்டே தள்ளுங்கள். மூக்கில் உள்ள வரிகள் எல்லாம் உள்ளே மறைய வேண்டும். பாதியில் நின்றால் பலம் காட்ட வேண்டாம்; மறுபடி சுடுதண்ணீரில் பிடித்தால் சரியாகும். ஆறிய பிறகு கிளிப்பை முடுக்குங்கள். சோப்பு காய்ந்ததும் வழுக்கல் நின்று, பைப் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளும்.

கழற்றவும் இதே வைத்தியம்தான். சுடுதண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி, சிறிது நேரம் கழித்துத் திருகினால் இளகி வரும்.

கேஸ் டியூபுக்கு வேண்டாம்

இந்த வித்தை தண்ணீர் பைப்புக்கு மட்டுமே. சமையல் கேஸ் டியூபை வெந்நீரில் போட்டு இளக்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள டியூபை வாங்கி, 5 ஆண்டுக்குள் மாற்றிவிட வேண்டும். சரியாக ஏறாவிட்டால் ஏஜென்சி மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது. மாட்டியபின் சோப்பு நுரையைத் தடவினால், கசிவு இருக்கும் இடத்தில் குமிழி எழும். எழுந்தால் உடனே ரெகுலேட்டரை மூடுங்கள்; ஜன்னலைத் திறங்கள்; விளக்கு ஸ்விட்சைத் தொடாதீர்கள். வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். 24 மணி நேரமும் புகாரை எடுத்துக் கொள்வார்கள்.