உடலுக்குள் ஒரு தற்காலிகக் குழாய்

கீழ் விலா எலும்புகளை ஒட்டி, முதுகுப் பக்கமாக இருக்கும் உங்கள் இரு சிறுநீரகங்களும் நாள் முழுவதும் சிறுநீரை உற்பத்தி செய்கின்றன. அது சிறுநீர்ப்பைக்குச் செல்லும் பாதைதான் சிறுநீர் நாளம். ஏறக்குறைய 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம். உள்ளே 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலம்தான். நாளத்தின் தசைகள் அலை அலையாகச் சுருங்கிச் சிறுநீரைத் தள்ளுவதால், நீங்கள் படுத்திருந்தாலும் அது சிறுநீர்ப்பையை அடைந்துவிடுகிறது.

இவ்வளவு குறுகிய பாதையில் ஒரு சிறு கல் சிக்கினால் என்ன ஆகும்? சிறுநீர் தேங்கும், சிறுநீரகம் வீங்கும், நாளடைவில் பழுதடையும். அப்போது மருத்துவர்கள் பயன்படுத்தும் கருவி 'ஸ்டென்ட்'. சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள மென்மையான நெகிழிக் குழாய் அது. தொடக்கக் காலக் குழாய்கள் இடம் நழுவின. 1978-இல் அமெரிக்க மருத்துவர் ஃபின்னி, இரு முனைகளும் 'ஜே' எழுத்தைப்போல் வளைந்த குழாயை அறிமுகப்படுத்தினார். ஒரு வளைவு சிறுநீரகத்திலும் மற்றொன்று சிறுநீர்ப்பையிலும் கொக்கிபோல் நிற்பதால் குழாய் எளிதில் நகராது.

ஆனால், உயிரைக் காக்கும் இந்தக் குழாயே தொல்லையும் தரக்கூடும். கீழ் வளைவு சிறுநீர்ப்பையின் சுவரை உரசுவதால் அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும், எரிச்சல் இருக்கும், சிறுநீர் இளஞ்சிவப்பாகவும் போகலாம். இன்னொன்று: சிறுநீர் நாளம் சிறுநீர்ப்பைக்குள் சாய்வாக நுழைகிறது. அந்த அமைப்பு ஒருவழிக் கதவுபோல் சிறுநீர் மேலே திரும்பாமல் தடுக்கிறது. ஸ்டென்ட் அந்தக் கதவைத் திறந்தே வைத்துவிடுகிறது. அதனால், சிறுநீர் கழிக்கும்போது அழுத்தம் மேலேறி விலாப் பக்கம் வலிக்கலாம்.

இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது, குழாயின்மீது உருவாகும் படிவு. தண்ணீர் கொதிக்கவைக்கும் கெண்டியின் அடியில் வெள்ளைப் படிவைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? சிறுநீரில் கரைந்துள்ள தாதுக்களும் அப்படித்தான் ஸ்டென்ட்மீது படிகின்றன. கிருமிகள் குழாயில் ஒட்டிக்கொண்டு மெல்லிய படலம் அமைக்கும். அவற்றுள் சில, யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை வெளியிடும். சிறுநீரின் காரத்தன்மை உயர, தாதுக்கள் இன்னும் விரைவாகப் படிகங்களாக மாறும்.

எனவேதான் பெரும்பாலான ஸ்டென்ட்டுகளைச் சில வாரங்களில், அல்லது சுமார் மூன்று மாதங்களுக்குள் அகற்றவோ மாற்றவோ வேண்டும். உரிய நேரத்தில் என்றால், நுண்குழாய்க் கேமராவை உள்ளே செலுத்திச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். பல மாதங்கள், ஆண்டுகள் மறந்துபோனால்? இரு வளைவுகளிலும் கல் வளர்ந்து, இழுத்தால் வராது. குழாய் உடைந்தும் போகலாம். லேசர் கொண்டு கல்லை உடைக்க வேண்டும். பல அறுவைச் சிகிச்சைகள் தேவைப்படலாம். சிலர் சிறுநீரகத்தையே இழந்திருக்கிறார்கள்.

எப்படி மறப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். கல் போய்விட்டது, வலியும் குறைந்துவிட்டது. குழாய் வெளியே தெரிவதுமில்லை. மருத்துவமனை அட்டையில் எழுதியிருக்கும் மலாய் அல்லது ஆங்கிலக் குறிப்பு வீட்டிலுள்ள பெரியவருக்குப் புரியாமலும் இருக்கலாம். அங்கேதான் உங்கள் உதவி தேவை. தாத்தா, பாட்டி, மாமா என யாருக்கேனும் ஸ்டென்ட் பொருத்தியிருந்தால், அதை அகற்றும் தேதியை அட்டையில் தேடிப் படியுங்கள். தேதி இல்லையென்றால் மருத்துவமனையைக் கேட்கச் சொல்லுங்கள். நாட்காட்டியில் வட்டமிடுங்கள், உங்கள் கைப்பேசியிலும் நினைவூட்டல் வையுங்கள்.

குளிர்க்காய்ச்சல், இரத்தக் கட்டிகள், தாங்க முடியாத வலி, சிறுநீர் அறவே போகாத நிலை ஆகியவற்றில் எது வந்தாலும் அந்தத் தேதிவரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.