பேஸ் கிட்டார் கம்பிக்கும் மழைக்கோட்டுக்கும் என்ன உறவு, தெரியுமா?

பேஸ் கிட்டார் கம்பியைச் சாகடிப்பது எது தெரியுமா? அதை வாசிக்கிற கைதான்! புதுக் கம்பி மாட்டிய அன்று ஒவ்வொரு ஸ்வரமும் கணீரென்று எழும். சில வாரம் போகட்டும். அதே கம்பி, அதே ஆம்ப்ளிஃபையர், அதே விரல். சத்தம் மட்டும் 'தொம் தொம்' என்று சுருங்கிவிடும். கம்பி அறவில்லை, கண்ணுக்குத் துருவும் தெரியவில்லை. பின்னே என்னதான் நடந்தது?

பேஸ் கம்பி ஒற்றைக் கம்பி இல்லை. நடுவே எஃகு நரம்பு. அதன்மேல் இன்னொரு கம்பியை நெருக்கி நெருக்கிச் சுற்றியிருப்பார்கள். தடித்த கம்பிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்குகூட உண்டு. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே நுண்ணிய பள்ளம். வியர்வை, தோலின் எண்ணெய், உதிர்ந்த தோல்துகள் எல்லாம் போய்க் குடியேறும் இடம் அதுதான். வியர்வையின் உப்பு உலோகத்தை அரிக்கிறது. எண்ணெயும் தூசியும் சேர்ந்த பசை அதிர்வைப் பிடித்து அடக்குகிறது. அழுக்கு ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் படிவதால் கம்பியின் எடையே சீர்குலைகிறது. இத்தனைக்கும் நடுவில் ஓர் ஆச்சரியம்! நாலு கம்பி பேஸின் தடித்த ஈ கம்பி விநாடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிரும். அந்த அடிப்படை அதிர்வுக்குப் பெரிய சேதம் எதுவும் வராது. அதற்குமேல் 82, 124, 165 என்று படிப்படியாக ஏறி ஆயிரங்களைத் தொடும் மேல் அதிர்வுகள் இருக்கின்றனவே, அவைதான் முதலில் சாகின்றன. நாம் 'கணீர்' என்று கேட்டது முழுக்க அவற்றைத்தான்.

செத்த கம்பிக்கு உயிர் கொடுக்க பேஸ் கலைஞர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? கழற்றிப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள்! எண்ணெய்ப்பசை கரைந்து வெளியேறும்; நன்றாகத் துடைத்துக் காயவைத்து மாட்டினால் கொஞ்ச காலத்துக்குப் பழைய பொலிவு திரும்பும். அரிப்பு மட்டும் போகாது. ஆகவே அடுத்த முறை பொலிவு இன்னும் சீக்கிரம் மங்கிவிடும்.

கம்பிக்காக முழுக் கிட்டாரையே வாங்கியவரைப் பற்றித் தெரியுமா? இங்கிலாந்தின் 'தி ஹூ' குழுவில் பேஸ் வாசித்த ஜான் என்ட்விஸ்டில்! 1965இல் 'மை ஜெனரேஷன்' பாட்டின் பேஸ் சோலோவுக்கு டேன்எலெக்ட்ரோ பேஸின் மெல்லிய கம்பி தரும் அந்தக் கூர்மையான சத்தம் அவருக்கு வேண்டியிருந்தது. கம்பி அறுந்தது. மாற்றுக் கம்பி இங்கிலாந்தில் எங்கும் கிடைக்கவில்லை. இன்னொரு டேன்எலெக்ட்ரோவையே வாங்கிவிட்டார்! அதிலும் அறுந்தது. கடைசியில் வேறு பேஸில்தான் அந்த சோலோவைப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. அத்தோடு அவர் விடவில்லை. ரோட்டோசவுண்ட் கம்பிக் கம்பெனியின் ஜேம்ஸ் ஹவ்வோடு உட்கார்ந்து, தடித்த கம்பிகளும் பியானோபோல முழங்கும்வரை மாற்றி மாற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஆர்எஸ்66 'ஸ்விங் பேஸ்'. உருண்டைக் கம்பியால் சுற்றிய ரவுண்ட்வவுண்ட் பேஸ் ஸ்ட்ரிங் ராக் இசை முழுவதும் பரவ அது வழி திறந்தது. அதுவரை பெரும்பாலோர் வைத்திருந்தது பட்டை நாடாவால் சுற்றிய வழுவழுப்பான ஃப்ளாட்வவுண்ட். லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது ஒலித்ததும் ஃப்ளாட்வவுண்டின் மழுங்கிய, கனத்த சத்தம்தான்.

ரவுண்ட்வவுண்ட் கணீரென்ற சத்தத்தைக் கொடுத்தது. கூடவே அழுக்கு ஒளிந்துகொள்ளப் பள்ளத்தையும் கொடுத்தது! பூச்சு கொடுத்த கம்பியான கோட்டட் ஸ்ட்ரிங்கின் கதை முளைப்பது இந்தப் பள்ளத்தில்தான்.

அந்தக் கதை ஒரு சமையல் பாத்திரத்திலிருந்து தொடங்குகிறது என்றால் நம்புவீர்களா? 1938 ஏப்ரல் 6. அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட் குளிர்சாதன வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். உருளையைத் திறந்தால் வாயு வரவில்லை. எடையோ அப்படியே இருக்கிறது! அறுத்துப் பார்த்தால் உள்ளே வழவழப்பான வெள்ளைத் தூள். அதுதான் பிடிஎஃப்இ. டெஃப்லான் என்ற பெயரில் நம் வீட்டு நான்ஸ்டிக் தோசைக்கல்லில் ஒட்டியிருப்பதும் அதேதான். அந்த டூபாண்டில் வேலை பார்த்த பில் கோர், 1958இல் மனைவி ஜெனிவீவுடன் தனிக் கம்பெனி தொடங்கினார். 1969இல் அவர்கள் மகன் பாப் கோர் பிடிஎஃப்இ தண்டுகளைச் சூடாக்கி மெதுவாக, பதமாக இழுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் பட்பட்டென்று ஒடிந்தது. எரிச்சல் தாங்காமல் ஒன்றை எடுத்து வெடுக்கென்று இழுத்தார். ஒடியவில்லை! பல மடங்கு நீண்டது, ஆனால் தடிமன் ஏறக்குறைய அப்படியே நின்றது! உள்ளே கோடிக்கணக்கான நுண்துளைகள் திறந்துகொண்டிருந்தன; பொருளில் பெரும்பகுதி வெறும் காற்று. மழை உள்ளே வராமல் வியர்வை ஆவி மட்டும் வெளியேறும் கோர்-டெக்ஸ் மழைக்கோட்டு இதிலிருந்துதான் வந்தது. செயற்கை ரத்தக்குழாயும் வந்தது.

கிட்டாருக்கு எப்படி வந்தது? அங்கேதான் சைக்கிள் நுழைகிறது! அதே கோர் நிறுவனத்தின் அரிசோனா பிரிவில் மருத்துவக் கருவிகளில் வேலை பார்த்த டேவ் மையர்ஸ், தன் மலைச்சைக்கிளின் கியர் கேபிளுக்கு இந்தப் பூச்சைக் கொடுத்துப் பார்த்தார். மண்ணும் சேறும் ஒட்டாமல் கேபிள் வழுக்கிக்கொண்டு ஓடியது. அடுத்து, பெரிய இயந்திரப் பொம்மைகளை ஆட்டுவிக்கும் மெல்லிய கேபிள் செய்யும் முயற்சி. சோதனைக்கு மெல்லிய கம்பி வேண்டுமே என்று கையில் எடுத்தது கிட்டார் கம்பியை! பூச்சு கொடுத்த கம்பியைப் பார்த்ததும் பொறி தட்டியது: சேறு ஒட்டாத கேபிள் என்றால், வியர்வை ஒட்டாத கிட்டார் கம்பி ஏன் கூடாது? கிட்டார் வாசிக்கும் சக ஊழியரையும் சேர்த்துக்கொண்டு, வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் சில வருடம் சோதித்தார்கள். 1990களில் எலிக்ஸிர் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. கிட்டாருக்கு முதலில், பேஸுக்குப் பிற்பாடு. இசைக்கருவி உலகமே தேடாத இடத்திலிருந்து வந்த விடை! எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும் எனக்கு இது சிலிர்ப்பைத்தான் தருகிறது.

சரி, கடைக்குப் போகிறீர்கள். கோட்டட் என்று எழுதிய பாக்கெட் எல்லாம் ஒன்றல்ல என்பது தெரியுமா? தேர்வில் முக்கியமான இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு வகையில், சுற்றி முடித்த கம்பிக்கு மேலே மெல்லிய உறை போர்த்துகிறார்கள். எலிக்ஸிரின் வழி இது. பள்ளமே மூடப்பட்டுவிடுவதால் அழுக்குக்கு உள்ளே வழி கிடையாது. நீண்டு உழைப்பதற்கு இதைத்தான் முதலில் சொல்வேன். விரலுக்கு வழுவழுப்பு, நகரும்போது எழும் 'சர்க் சர்க்' சத்தமும் குறைவு. அதற்குள்ளேயே தினுசு உண்டு: உறை தடித்த பாலிவெப், உறை மெலிந்த நானோவெப். முன்னது இதமாக, மென்மையாக ஒலிக்கும். பின்னது சாதாரணக் கம்பிக்கு இன்னும் நெருக்கம், பளிச்சென்றும் இருக்கும். இன்னொரு வகையில், சுற்றப்போகும் மெல்லிய கம்பிக்கு முதலிலேயே பூச்சு கொடுத்துவிட்டு அப்புறம் சுற்றுகிறார்கள். டி'அடாரியோவின் இஎக்ஸ்பி வரிசை அப்படி வந்ததுதான். இதில் பள்ளம் திறந்தே இருக்கும், அழுக்கும் சேரும். உலோகத்தைத் தொட மட்டும் முடியாது. விரலுக்குச் சொரசொரப்பு வேண்டும், வழுக்கல் பிடிக்கவே பிடிக்காது என்பவர்களுக்கு இது உகந்தது.

முதல் நாள் கடையில் வாசித்துப் பார்த்து முடிவெடுக்கலாமா? கூடாது! முதல் நாளில் பூச்சில்லாத கம்பிதான் ஜெயிக்கும். பூச்சு எவ்வளவு மெல்லியதானாலும் உச்ச அதிர்வுகளில் ஒரு துளி குறைக்கத்தான் செய்யும். ஆனால் இரண்டு மாதம் கழித்து அதே இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள், நிலைமை தலைகீழ். பூச்சில்லாதது மங்கிக் கிடக்க, பூச்சுள்ளது ஏறக்குறைய முதல் நாள் மாதிரியே பேசும். ஆகவே குறைகிற அந்தத் துளியை உலோகத்தில் ஈடுகட்டுங்கள். பேஸ் கம்பியின் மேற்சுற்று பெரும்பாலும் நிக்கல் பூசிய எஃகு, அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நிக்கல் உருண்டையான, இதமான சத்தம்; ஸ்டீல் கூர்மையான, கண்ணாடி மாதிரிப் பளிச்சிடும் சத்தம். பளபளப்பு வேண்டுமென்றால் மெல்லிய உறை போட்ட ஸ்டீலைத் தேடுங்கள். ஏற்கெனவே கூச்சலிடும் பேஸ் என்றால் நிக்கலே போதும். நிக்கல் பட்டால் விரல் தடிக்கிறவர்களுக்கும் பூச்சு ஒரு நிம்மதி.

பிளாஸ்டிக் உறை போட்டால் பிக்கப் எப்படிக் கேட்கும் என்று ஒரு சந்தேகம் வரும். தாராளமாகக் கேட்கும்! மின்கிட்டாரின் பிக்கப், கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் உணரும் கருவி. அது உணர்வது உள்ளே அசையும் எஃகை. உறை அதற்குக் கண்ணாடி போலத்தான். ஆனால் யாரும் சொல்லாத ஒரு சங்கதி இருக்கிறது. கம்பியைத் தொட்டவுடன் ஆம்ப்பின் 'ம்ம்ம்' இரைச்சல் அடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். கம்பி வழியாக நம் உடம்பு கிரவுண்டோடு சேர்வதால் வரும் விளைவு அது. உறை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், கோட்டட் கம்பியில் அந்த அடக்கம் சிலருக்குக் குறைவாகத் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை. பிரிட்ஜைத் தொட்டுப் பாருங்கள், இரைச்சல் அடங்கினால் காரணம் உறைதான். ரிப்பேருக்கு ஓட வேண்டாம்.

இருட்டில் ஒளிரும் பேஸ் கம்பி உண்டு தெரியுமா? டிஆர் நிறுவனத்தின் நியான் வரிசை, புற ஊதா விளக்கின் கீழ் மேடையில் பச்சையும் ஆரஞ்சுமாக ஜொலிக்கும்! அதே நிறுவனத்தின் 'பிளாக் பியூட்டீஸ்' கன்னங்கரேல். நிறம் முழுக்கப் பூச்சின் கைங்கரியம். கட்டைவிரலால் அடித்து ஸ்லாப் வாசிப்பவருக்கும், பிளெக்ட்ரம் பிடிப்பவருக்கும் அந்த நிறம் அடிபடும் இடத்தில் சீக்கிரம் தேயும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உறைபோட்ட கம்பியிலும் அதே இடத்தில்தான் முதலில் வெள்ளை இழை பிரியும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் சத்தம் உடனே போய்விடாது.

விலை? சாதாரண செட்டைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அப்படியானால் கணக்கு எளிது: இரண்டு சாதாரண செட்டின் காலத்தைக் கோட்டட் செட் தாண்டினால் லாபம். கை அதிகம் வியர்ப்பவர், சென்னை மாதிரி உப்புக்காற்றும் புழுக்கமும் உள்ள கடற்கரை ஊரில் கச்சேரி வாசிப்பவர், மாதாமாதம் கம்பி மாற்ற முடியாதவர், ஐந்து கம்பி பேஸ் வைத்திருப்பவர் எல்லாம் யோசிக்காமல் வாங்கலாம். வாங்குமுன் நீளம் பாருங்கள்! ஃபெண்டர் போன்ற லாங் ஸ்கேல் பேஸுக்கு 34 அங்குலம், வயலின் வடிவ ஹாஃப்னர் போன்ற ஷார்ட் ஸ்கேலுக்கு 30. லாங் ஸ்கேல் செட் மாட்டினால் நாலு கம்பியும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 80 கிலோ! மிச்ச நுனியை வெட்டும்போது முதலில் கம்பியைச் செங்குத்தாக மடக்கிக்கொண்டு, மடிப்புக்கு அந்தப் பக்கம் வெட்டுங்கள். இல்லையென்றால் சுற்று நழுவிக் கம்பியே கெடலாம்.

கோட்டிங்கே வேண்டாதவர்களும் இருக்கிறார்கள். டெட்ராய்ட்டின் மோட்டவுன் பாடல்களுக்கு முதுகெலும்பாக இருந்த ஜேம்ஸ் ஜேமர்சன், தடித்த லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் கம்பியை அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டார்! ஒரே விரலால் மீட்டி, அந்த மங்கிய சத்தத்திலிருந்தே 1960களின் எத்தனையோ வெற்றிப் பாடல்களைத் தாங்கினார். அந்த 'தொம்' சத்தம்தான் உங்களுக்கு வேண்டுமென்றால் கோட்டிங்குக்குக் காசு செலவழிக்காதீர்கள். அழுக்கு உங்கள் பக்கம் வேலை செய்யட்டும்.

ஜாஸ் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் செய்தது எல்லாவற்றையும் மிஞ்சும். 1962ஆம் வருட ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஒன்றை, கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகக் கட்டையான ஃப்ரெட் இல்லாமல் வாசித்தார். மாட்டியதோ ரோட்டோசவுண்ட் ஸ்விங் பேஸ். அரம் மாதிரி இருக்கும் அந்தக் கம்பி ஃபிங்கர்போர்டு மரத்தைத் தின்றுவிடுமே! ஜாக்கோ கம்பிக்குப் பூச்சு தேடவில்லை. படகுக்குப் பூசும் எபாக்ஸியை எடுத்து மரத்துக்குப் பூசிவிட்டார்! 1976இல் வெளிவந்த அவருடைய முதல் ஆல்பத்தில் பாடுவதுபோல் ஒலிக்கும் அந்த பேஸ், பூச்சு பெற்ற மரத்தின்மேல் பூச்சில்லாத கம்பி உரசும் சத்தம். ஃப்ரெட் இல்லாத பேஸ் வைத்திருந்து, மரத்தில் எபாக்ஸி ஊற்றக் கை வராதவர்கள் இந்த ஏற்பாட்டைத் திருப்பிப் போடலாம்: மெல்லிய உறை போட்ட ரவுண்ட்வவுண்ட் செட் ஒன்றை மாட்டுங்கள். மரம் தேய்வது குறையும், ரவுண்ட்வவுண்டின் சிணுங்கலும் கிடைக்கும். விரல் அதிகம் வழுக்கும் இடங்களில் உறை பிரியத் தொடங்கியதும் செட்டை மாற்றிவிடுங்கள். உறை போன கம்பி மரத்தை மறுபடி அறுக்கத் தொடங்கிவிடும்.