பாம்பு கடித்த இரண்டு பெண்கள்

மயிலாப்பூர்க் குளத்துக்கு மேற்கே, ராமகிருஷ்ண மடம் சாலையில் இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தபோது தம்பி மகள் கேட்டாள். ஒன்பதாவது படிக்கிறாள், லீவு முழுக்க கிரேக்கக் கதைகள்தான். "பாட்டுப் பாடியே செத்தவங்களை எழுப்பப் போன ஆர்ஃபியஸ் மாதிரி நம்மகிட்ட யாராவது இருக்காங்களா பெரியப்பா?"

இருக்கிறார். குளத்துக்கு அந்தக் கரையில் தெரிந்த கபாலி கோயிலிலேயே அந்தக் கதை இருக்கிறது.

ஆர்ஃபியஸின் மனைவி யூரிடிசி பாம்பு கடித்து இறக்கிறாள். அவன் யாழோடு பாதாளத்துக்கு இறங்கிப் போய், அங்கே அரசாளும் ஹேடிஸின் மனம் இளகும்படி பாடுகிறான். கூட்டிப்போ, வெளியே போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்காதே என்கிறான் ஹேடிஸ். வாசலுக்குக் கிட்டே வந்தவன் திரும்பிவிடுகிறான். அவள் போனவள் போனவள்தான்.

மயிலாப்பூரிலும் பாம்புதான். சிவநேசர் என்ற வணிகர், திருஞானசம்பந்தருக்கு என்றே மனதில் வைத்து வளர்த்த மகள் பூம்பாவை. ஏழு வயதில், பூப்பறிக்கப் போன இடத்தில் கடிபட்டு இறக்கிறாள். சாம்பலையும் எலும்பையும் ஒரு குடத்தில் சேர்த்து வைத்துக் காத்திருக்கிறார் அப்பா. சம்பந்தர் வந்து பதிகம் பாட, குடம் உடைந்து பன்னிரண்டு வயதுப் பெண்ணாக எழுகிறாள். பாடியவர் 7ஆம் நூற்றாண்டு. கதையை இப்படி விரித்துச் சொன்ன சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டு.

யார் யாரிடம் பாடுகிறார்கள் என்று கவனிக்கச் சொன்னேன். ஆர்ஃபியஸ் சாவின் ராஜாவிடம் மன்றாடுகிறான். சம்பந்தர் எமனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை; குடத்தில் கிடக்கும் பெண்ணிடமே பேசுகிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசத்து நெய்ச்சோறு, மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமலா போகிறாய் என்று கேட்கிறார். தூங்கும் குழந்தையை, தேர் கிளம்பிடுச்சு எழுந்திரு என்று எழுப்புவோமே, அந்தக் குரல். இறந்தவளைக் கூப்பிட ஊரின் சந்தோஷத்தையே காரணமாகக் காட்டிய பாட்டு இதைப்போல் இன்னொன்று எனக்குத் தெரிந்து இல்லை.

கிரேக்கக் கதைகளில் சாவின் எல்லை மிகக் கறாரானது. இறந்தவரைப் பிழைக்க வைத்ததற்காக வைத்தியன் அஸ்க்லிப்பியஸை சியூஸ் இடியால் அடித்துக் கொன்றான். ஜப்பானிலும் இதே கறார்தான். 712இல் எழுதி முடித்த கொஜிக்கியில், மனைவியைத் தேடிப் பாதாளம் போகும் இசனாகி, பார்க்காதே என்று அவள் சொல்லியும் கேளாமல் பார்த்து, அவளை இழக்கிறான். நம் பக்கம், மார்க்கண்டேயனுக்காகத் திருக்கடவூரில் எமனையே உதைத்தவர் சிவன். சாவுக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்று நம்பியவர்களின் பாட்டில், திரும்பிப் பார்க்காதே என்ற நிபந்தனைக்கு வேலையே இல்லை.

"அப்புறம் சம்பந்தரையே கல்யாணம் பண்ணிக்கிட்டாளா?"

இல்லை. உயிர் கொடுத்ததால் நான் தகப்பன் முறை என்று அவர் மறுத்துவிட்டார். பூம்பாவை கடைசிவரை கன்னிமாடத்தில் சிவனை வணங்கியே இருந்தாள். தம்பி மகளின் முகம் வாடியது. எனக்கும் அந்த இடம் வலிக்கும்.

கிரேக்கத்தில், பூம்பாவையைப் போலவே பூப்பறிக்கும்போது ஹேடிஸ் தூக்கிப்போன பெர்செஃபனிக்காக எலூசிஸில் நடந்த விழா நின்றுபோய் 1,600 ஆண்டுகள் ஆகின்றன. இங்கே இன்றும் பங்குனிப் பெருவிழா எட்டாம் நாள் மத்தியானம் அறுபத்துமூவர் புறப்பாட்டுக்குத்தான் ஜனம் நெரியும். அன்று காலையிலேயே பூம்பாவை எழும் நிகழ்ச்சி நடந்துவிடும். இந்த வருஷம் விடியற்காலையில் எழுப்பச் சொல்லியிருக்கிறாள் தம்பி மகள்.