முதியோர் இல்லமும் முதியோர் உள்ளமும்

சேலம், நாமக்கல் சமவெளியில் இருவகைத் தொழில்கள் உண்டு. ஒன்று வீட்டோடு பிணைந்தது. மற்றொன்று வீட்டை விட்டு நெடுந்தொலைவு இட்டுச் செல்வது. சேலத்துத் தறிவீட்டில் தளர்ந்த முதியவருக்கும் தார் சுற்றும் வேலை இருந்தது. நாமக்கல்லின் லாரியும் திருச்செங்கோட்டின் ரிக் வண்டியுமோ மகனை வாரக்கணக்கில் வெளிமாநிலங்களுக்குக் கொண்டுபோகின்றன. பகலெல்லாம் தனித்திருக்கும் பெற்றோர் முடிவில் முதியோர் இல்லத்தின் வாயிலை அடைவது இன்று புதுமையன்று.

திருமறையின் பனீ இஸ்ராயீல் அத்தியாயம், 23ஆம் வசனத்தில், முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் சிறு சொல்லையும் விலக்குகிறது. ஆகவே இல்லத்தில் சேர்ப்பதே பாவம் எனத் தீர்ப்புரைத்து நின்றுவிடுவோர் உளர். ஆளற்ற வீட்டில் நோயுடன் கிடப்பவருக்கு அத்தீர்ப்பால் என்ன பயன்? அவர் எங்கே வாழ்கிறார் என்பதோடு, எவ்வாறு அங்கே சென்றார் என்பதையும் நாம் கேட்க வேண்டும். சலிப்பு சொல்லில் மட்டும் வெளிப்படுவதில்லை; கேட்காமலே முடிவெடுப்பதிலும் வெளிப்படும்.

அமெரிக்காவில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் எனும் உளவியலாளர் இருவர் ஒரு முதியோர் இல்லத்தில் நடத்திய ஆய்வு 1976இல் வெளியாயிற்று. ஒரு தளத்தாரிடம், தம் அன்றாடக் காரியங்களைத் தாமே தீர்மானிக்கலாம் என்று கூறி, வளர்க்க ஒரு செடியும் கொடுத்தனர். மற்றத் தளத்தாரிடம், எல்லாவற்றையும் ஊழியர்களே பார்த்துக்கொள்வர் என்றனர். அவர்களின் செடிக்கும் செவிலியரே நீரூற்றினர். முதல் பிரிவினரே கூடுதல் உற்சாகத்துடன் காணப்பட்டனர். ஆய்வு சிறிதே, ஆயினும் அது சுட்டும் திசை தெளிவானது.

ஆகவே இல்லத்தைத் தேர்ந்தெடுப்பதில் முதியவரே முதல் குரலாக இருக்கட்டும். முன்னரே சென்று பார்த்து, சில நாள் தங்கிப் பழகட்டும். "ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்" என்று ஏய்த்து அழைத்துச் சென்றால், பின்னர் எவர் சொல்லையும் அவர் நம்பார். ஒளூச் செய்ய வழுக்காத இடம், கிப்லாவின் திசை, ஹலாலான உணவு, சஹர் நேரம் ஆகியவற்றை முன்கூட்டியே பேசி முடிவு செய்க. மகன் வரும் நாளையும் குறித்துச் சொல்லி, அந்நாளில் தவறாது வருக.

முதுமையின் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வருவதில்லை. உடல்வலியாக, பசியின்மையாக, உறக்கமின்மையாக வரும். 'வயதானால் இப்படித்தான்' என்று தள்ளாமல், இரு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரை நாடுக. திடீரெனத் தோன்றும் அறிவுக் குழப்பத்துக்கோ நோய்த்தொற்று, நீரிழப்பு, மருந்தின் விளைவு காரணமாகலாம்; அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் ஜீவனாம்சம் கோர வழிசெய்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக்கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் மீட்கவும் இடமளிக்கிறது. 14567 என்பது மூத்த குடிமக்களுக்கான கட்டணமில்லா உதவி எண்.

சட்டம் தொடாத அச்சம் ஒன்றுண்டு. "என் மையித்தை எந்த ஜமாஅத் எடுக்கும்?" என்ற கேள்வியைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஊர் மாறினாலும் அவர் நம் மஹல்லாவினரே, கபரஸ்தானில் அவருக்கு இடமுண்டு என்று ஜமாஅத் நிர்வாகிகள் நேரில் சென்று உறுதிகூறுவது அவ்வச்சத்தைத் தணிக்கும். அவ்வுறுதியை அளிக்கப் பொருட்செலவு ஏதுமில்லை.