புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள்



குடும்ப நலம் பற்றி உங்களுக்கு யோசனை சொல்ல ஊரில் ஆள் குறைவில்லை. மாமியார் ஒன்று சொல்வார், மருந்துக் கடைக்காரர் இன்னொன்று சொல்வார், செல்போனில் வரும் வீடியோ மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். இவற்றில் எதை நம்புவது? இதைத் தெரிந்துகொள்ளாததால் ஒரு குடும்பம் பிரியும் நிலைக்கே வந்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த பகுதியில் ஒரு கிராமம். இரண்டு குழந்தைகள் போதும் என்று முடிவு செய்து, கணவரே முன்வந்து ஆண்களுக்கான கருத்தடைச் சிகிச்சை செய்துகொண்டார். நல்ல மனுஷன். சிகிச்சை முடிந்த இரண்டாவது மாதமே மனைவிக்கு நாள் தள்ளிப்போயிற்று. வீட்டில் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் மாமியார் மருமகள் கையால் சோறு வாங்கிச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கணவர் திண்ணையில் படுக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் தாய்வீட்டுக்குப் போகத் துணிமணியைக் கட்டி வைத்துவிட்டார்.

அந்தக் கணவர் தினமும் பேப்பர் படிக்க ஊர்ப்புற நூலகத்துக்குப் போகிறவர். ஒருநாள் பேப்பரை விட்டுவிட்டு அலமாரியில் மருத்துவப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். நூலகர், "என்ன தம்பி தேடுறீங்க?" என்று கேட்டார். "சும்மாதான் சார் பாக்குறேன்" என்றார் இவர். நூலகர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. குடும்ப நலம் பற்றி அங்கிருந்த நாலைந்து புத்தகங்களையும் அரசுக் கையேடு ஒன்றையும் எடுத்து மேஜையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

முதலில் எடுத்த புத்தகத்தில், "சிகிச்சைக்குப் பின் கரு உண்டாகாது" என்று ஒரே வரி. அதைப் படித்தவுடன் அவருக்கு உலகமே இருண்டுவிட்டதாம். அரசுக் கையேட்டில் விவரமாக இருந்தது. சிகிச்சைக்கு முன்பே குழாயில் தங்கியிருந்த விந்தணுக்கள் முழுவதும் வெளியேற ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறையோ வேறொரு கருத்தடை முறையோ அவசியம். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, அணுக்கள் இல்லை என்று உறுதியான பிறகுதான் பாதுகாப்பு முழுமை. இரண்டு தடவை படித்துவிட்டு நேராக வீட்டுக்குப் போய், மனைவியை அழைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார். டாக்டர் பரிசோதனைக்கு அனுப்பினார். அணுக்கள் இன்னும் இருந்தன. கணவன் மனைவி இரண்டு பேரையும் உட்கார வைத்து டாக்டர் விளக்கிச் சொன்னார். அந்தக் குழந்தை இப்போது ஆறாம் வகுப்புப் படிக்கிறது.

இதில் என் தவறும் உண்டு. அந்த ஊர் மந்தையில் சிகிச்சை பற்றிப் பேசியவன் நான்தான். "பலம் குறையுமா சார், வயல் வேலை செய்ய முடியுமா?" என்று எல்லாரும் கேட்டதால் அதற்கே ஒரு மணி நேரம் பதில் சொன்னேன். மூன்று மாத விஷயத்தைக் கடைசியில், ஜனங்கள் எழுந்திருக்கும் நேரத்தில், ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டேன். காதில் விழாமல் போனதை எழுத்தில் திரும்பப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்த இடம் நூலகம். சென்னை மாகாணத்தில் 1948லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டு மாகாணங்களில் இதுதான் முதல். நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ஆகவே அது நீங்கள் காசு கொடுத்து நடத்தும் இடம், கூச்சப்பட வேண்டியதில்லை. உறுப்பினராக இல்லாவிட்டாலும் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். "குடும்பக் கட்டுப்பாடு புத்தகம் கொடுங்க" என்று கேட்க நாக்கு எழவில்லையா? "தாய் சேய் நலம் பற்றிப் புத்தகம் இருக்கா?" என்று கேளுங்கள், பக்கத்திலேயே இருக்கும். அங்கே இல்லாவிட்டால் கிளை நூலகத்திலோ மாவட்ட மைய நூலகத்திலோ இருக்குமா என்று விசாரிக்கச் சொல்லலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நூலகர் சரியான பக்கத்தைக் காட்டுவார். எந்த மாத்திரை சாப்பிடுவது என்று அவரிடம் கேட்கக் கூடாது. நல்ல நூலகர் சொல்லவும் மாட்டார்.

அச்சில் வந்ததெல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதல் பக்கங்களைப் புரட்டுங்கள். எழுதியவர் யார், என்ன படித்தவர், எந்த ஆண்டு அச்சானது என்று அங்கே இருக்கும். ஆண்டு ஏன் முக்கியம் என்றால், மருத்துவ யோசனைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பழைய புத்தகங்கள் சிலவற்றில் நாலு மாதம் தாய்ப்பால், பிறகு கூழ் கஞ்சி என்று போட்டிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2001லிருந்து ஆறு மாதம் முழுக்கத் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்கிறது. வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பற்றிப் பழைய புத்தகத்திலும் இருக்கும். ஆனால் இப்போது அதோடு துத்தநாக மாத்திரையும் பதினான்கு நாள் கொடுக்கிறோம், போக்கு நின்றாலும் நிறுத்தக் கூடாது. காப்பர் டி அடிக்கடி மாற்ற வேண்டும் என்று பழைய நூலில் படித்துவிட்டுப் பயப்படுகிற தாய்மார்கள் உண்டு. இப்போது அரசு மருத்துவமனையில் போடும் 380 ஏ வகை பத்து ஆண்டு வரை வேலை செய்யும். அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் பொய் எழுதவில்லை, அன்றைக்குத் தெரிந்ததை எழுதினார்கள். நம் பாட்டி காலத்துப் படி அளவை வைத்து இன்றைக்கு ரேஷன் அரிசி அளக்க முடியுமா?

அடுத்து, எழுதியவர் உங்களிடம் எதையாவது விற்கப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பஸ் ஸ்டாண்டு சுவரில், பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், இப்போது செல்போனிலும், ஆண்மைக்கு லேகியம், மாதவிலக்கை வரவழைக்க மாத்திரை, குழந்தைப் பாக்கியத்துக்குச் சூரணம் என்று விளம்பரம் வருகிறதே, இப்படிப்பட்டவற்றை விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954லேயே சட்டம் போட்டாயிற்று. ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்வதும், சொல்வதாக விளம்பரம் செய்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்தை மீறி விளம்பரம் செய்கிறவர் உடம்பைப் பற்றி மட்டும் உண்மை பேசுவாரா?

எனக்கு அனுபவத்தில் தெரிந்த இன்னொரு அடையாளம் உண்டு. நல்ல புத்தகம் நல்லதை மட்டும் சொல்லாது. காப்பர் டி போட்ட முதல் சில மாதங்கள் உதிரப்போக்கு கூடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியால் மாதவிலக்கு முன்பின்னாக வரலாம், வராமலும் போகலாம், அதனால் கெட்ட ரத்தம் உடம்பில் தங்காது என்று வெளிப்படையாக எழுதியிருக்கும். யாருக்கு எந்த முறை கூடாது என்பதும் இருக்கும். எந்தத் தொல்லையும் கிடையாது, எல்லாருக்கும் ஏற்றது என்று எழுதியிருந்தால், அது எங்கள் துறைத் துண்டுப் பிரசுரமாகவே இருந்தாலும் சரி, நம்பாதீர்கள்.

செல்போன் வீடியோவுக்கும் இதே அளவுகோல்தான். வெள்ளைக் கோட்டு போட்டவரெல்லாம் டாக்டர் இல்லை. பெயரும் படிப்பும் தேதியும் இல்லாமல் "எல்லாருக்கும் அனுப்புங்க" என்று மட்டும் வந்தால் அழித்துவிடுங்கள். கருக்கலைப்பு மாத்திரையை இப்படி ஏதோ ஒன்றைப் பார்த்துக் கடையில் வாங்கிச் சாப்பிட்டு, ரத்தம் நிற்காமல் தூக்கி வரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுதி பெற்ற டாக்டரிடம் முறையாகச் செய்துகொள்ள வழி இருக்கிறது. ஒளிந்து சாப்பிட அவசியமே இல்லை.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் என்ன செய்வது? பள்ளிக்கூடம் போகும் மகளை இதை வாசிக்கச் சொல்ல முடியாது. கணவர் வாசிக்கட்டும், ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு. இரண்டு பேரும் சேர்ந்து கேட்டால் பிற்பாடு "நீ சொல்லலையே" என்ற பேச்சுக்கு இடமில்லை. கணவருக்கும் தெரியாது என்றால் கிராம சுகாதார செவிலியரிடம் கொண்டு போங்கள்.

படித்தவர்களும் அவரிடம்தான் போக வேண்டும். புத்தகம் பொதுவாகச் சொல்லும்; உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறதா, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறீர்களா என்பது அதற்குத் தெரியாது. எந்த முறையையும் ஆரம்பிக்கும் முன் செவிலியரிடமோ டாக்டரிடமோ காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். போனில் யோசனை கேட்க 104 இருக்கிறது. ஆனால் கர்ப்பிணிக்கு உதிரம் போனாலோ, வலிப்பு வந்தாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ, குழந்தை பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ புத்தகம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

நர்ஸம்மாவிடம் வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருந்தால், புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, சந்தேகம் உள்ள பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் வைத்து, புதன்கிழமை குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும்போது அவர் கையில் கொடுங்கள். அவர் படித்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்.